மீனின் உடலுக்குள்ளே ஒரு காவற்படை



காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் வாழ்பவர்களுக்கு மீன் என்றவுடன் வீராணத்து மீன்தான் நினைவுக்கு வரும். பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில் அமைந்த அந்தப் பேரேரி நெல்லுக்கு நீர் தருவதோடு கெண்டையும் விராலும் கெளுத்தியும் தந்து எங்களை வளர்த்தது. 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை மாநகருக்குக் குடிநீரும் தந்து வருகிறது. கடல்மீன் எங்களுக்குச் சந்தை நாளில் கூடையில் வந்து சேர்வது. அது பிடிபடுவதே ஒழிய வளர்க்கப்படுவது அன்று என்று நாங்கள் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

அந்த எண்ணம் இன்று செல்லாது. கொள்ளிடத்தைக் கடந்து சீர்காழிப் பக்கம் சென்றால், திருமுல்லைவாசலை அடுத்த தொடுவாயிலே கொடுவா மீனின் குஞ்சுப் பொரிப்பகம் ஒன்று இருக்கிறது. ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தார் நடத்துவது அது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1997-ஆம் ஆண்டிலேயே கொடுவாயைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வித்து வெற்றி கண்டனர். மண்டபத்தில் 2010-ஆம் ஆண்டு கடல்விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தனர். தாய்லாந்து நாட்டார் இதனை 1970-களின் தொடக்கத்திலேயே செய்துவிட்டனர் என்பதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

கொடுவா வியப்பிற்குரிய மீன். கடலோரத்தில் முட்டையிட்டு, கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டு நீரிலும் குஞ்சாய்த் திரிந்து, நன்னீரிலும் ஏறி வாழும். பிச்சாவரத்துக் கால்வாய்கள் இத்தகைய குஞ்சுகளுக்குத் தொட்டில் போன்றவை. அது முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் சென்றபின் பெண்ணாக மாறும். உப்பு நீரும் நன்னீரும் அதற்கு ஒன்றே ஆதலால், கடலை விட்டுத் தள்ளியிருக்கும் எம்மவர் குளங்களிலும் அதனை விட்டு வளர்க்கலாம். நல்ல விலைக்குப் போகும் மீன், முள் குறைவு, விருந்துக்கு உகந்தது. ஆகவே ஆசை பிறப்பது இயல்பு.

என்னிடம் படித்த மாணவர் ஒருவருக்கும் அந்த ஆசை பிறந்தது. ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். மனைவியின் நகையை அடகு வைத்துக் குளம் வெட்டி, குஞ்சுகளை வாங்கி, வலைத் தொட்டிலில் விட்டு வளர்த்தார். சில நாட்களில் குஞ்சுகளின் உடல் கறுத்தது. இரையெடுக்க மறுத்தன. சில குஞ்சுகள் பம்பரம்போலச் சுழன்று சுழன்று நீந்தின. சில வயிறு மேலாக மிதந்தன. பத்து நாட்களுக்குள் தொட்டிலில் பெரும்பகுதி வெறுமையாயிற்று. இடையிலே ஒருவர் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தீவனத்தில் கலந்து போட்டிருக்கிறார். மருந்துக்குக் கொடுத்த பணமும் குஞ்சுகளோடு சேர்ந்து போயிற்று. பின்னர்ச் சோதித்துப் பார்த்ததில், அது வைரஸ் நோய் என்று தெரியவந்தது.

அவர் ஒருநாள் மாலை என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டார்: "ஐயா, ஒரே தொட்டிலில், ஒரே தண்ணீரில், ஒரே தாயின் குஞ்சுகள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் செத்தன. மிச்சம் எப்படிப் பிழைத்தன? அவற்றுக்கு மட்டும் என்ன இருந்தது?" நாற்பதாண்டு ஆசிரியத் தொழிலில் இதைக் காட்டிலும் நல்ல கேள்வியை நான் வகுப்பறையில் கேட்டதில்லை. அதற்கு விடை தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில் அந்த நோயைப் பற்றிச் சில சொற்கள். நரம்பழிவு வைரஸ் நோய் என்று இதனைச் சொல்லலாம். 1990-ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும் இதனை விவரித்து எழுதினார்கள். இந்தியாவில் கொடுவாக் குஞ்சுகளை இது கொன்ற செய்தி 2005-ஆம் ஆண்டு ஆராய்ச்சி ஏட்டில் வெளியாயிற்று. மிகச் சிறிய வைரஸ் இது. மூளையையும் கண்ணின் திரையையும் நாடிச் சென்று, அங்குள்ள உயிரணுக்களில் துளை துளையாகக் குமிழிகளை உண்டாக்குகிறது. குஞ்சு சுழன்று நீந்துவதற்குக் காரணம் அதுவே; பார்வையும் நிலைகொள்ளும் திறனும் ஒருங்கே போய்விடுகின்றன. சில வாரங்களே வயதான குஞ்சுகளில் ஏறக்குறைய முழுத் தொட்டியுமே அழிவதுண்டு. வளர்ந்த மீன் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்பவை. வைரஸை அவை தொடுவதில்லை. ஆதலால் அவ்வாறு செலவிட்ட பணம் வீண் என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

இனி உடலின் காவலுக்கு வருவோம். நோயை எதிர்க்கும் உயிரணுக்களை முதன்முதலில் கண்ணாரக் கண்டதும் ஒரு கடல் உயிரினத்தில்தான். 1882-ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில் ருஷ்ய அறிஞர் மெச்னிகோஃப் நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றில் முள்ளைக் குத்தி வைத்தார். குஞ்சின் உடல் கண்ணாடிபோலத் தெளிவானது. மறுநாள் காலை நுண்பெருக்கியில் பார்த்தபோது, அலைந்து திரியும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன. விழுங்கும் உயிரணுக்கள் என்ற கருத்து அன்று பிறந்தது. 1908-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நட்சத்திர மீன் உண்மையில் மீனன்று என்பதைச் சிறுவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

காவலர் ஓடிவருகின்றனர்; சரி. திருடன் வந்திருக்கிறான் என்று அவர்களுக்குச் சொன்னவர் யார்? இக்கேள்விக்கு நல்ல விடை கிடைக்க நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. பழ ஈயிலே 'டோல்' என்றொரு மரபணு உண்டு. கருவிலே முதுகுப்புறம் எது, வயிற்றுப்புறம் எது என்று தீர்மானிக்கும் மரபணுவாகவே அதனை முதலில் அறிந்தார்கள். ஜெர்மன் மொழியில் 'டோல்' என்பது 'அபாரம்!' என்று வியக்கும் சொல். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. 1996-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு ஹாஃப்மன் குழுவினர் அந்த மரபணு கெட்டுப்போன ஈக்களைப் பூஞ்சை எளிதில் கொன்றுவிடுவதைக் கண்டனர். உடலை வடிவமைக்கும் மரபணு உடலைக் காக்கவும் செய்கிறது என்று விளங்கிற்று. அதன் உறவுமுறை மரபணுக்கள் மனிதரிலும் எலியிலும் மீனிலும் அடுத்தடுத்து வெளிப்பட்டன. ஹாஃப்மனும் பாய்ட்லரும் 2011-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் இருவர்.

இம்மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்களை வாயிற்காவலர் எனலாம். ஒவ்வொரு கிருமியின் முகத்தையும் அவர்கள் அறிய மாட்டார்கள். கிருமிக் கூட்டத்திற்கே உரிய சில அடையாளங்களை மட்டும் அறிவார்கள். பாக்டீரியாவின் வால்நூல், வைரஸ் பெருகும்போது தோன்றும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. போன்றவை அத்தகைய அடையாளங்கள். நம்மூர்த் தலையாரி அயலூர்க் கள்வனின் பெயரை அறியமாட்டார். நள்ளிரவில் கன்னக்கோலோடு வருபவன் யாராயினும் சத்தமிடுவார். அதுபோல.

மீனிடத்தில் ஒரு சிறப்பு இருக்கிறது. வைரஸின் இரட்டை இழையை அறியும் காவலர் மனிதரிலும் மீனிலும் உயிரணுவின் உள்ளறையில் நிற்கிறார். அவருக்கு மூன்றாம் எண். மீனில் அதே வேலைக்கு இருபத்திரண்டாம் எண்ணுள்ள மற்றொருவர் உயிரணுவின் வெளிச்சுவரிலேயே நிற்கிறார். பாலூட்டிகளிடம் இவர் இல்லை. நீரிலேயே மூழ்கி வாழும் உயிருக்கு வெளிவாசலில் கூடுதல் காவல் தேவைப்பட்டது போலும். காற்றில் வாழும் நம்மைக் காட்டிலும் மீனைச் சுற்றி எந்நேரமும் கிருமிகள் மிகுதி. ஒரு துளிக் கடல்நீரில் வைரஸ்கள் இலட்சக்கணக்கில் உண்டு; அவற்றுள் பெரும்பாலானவை பாக்டீரியாவைத் தாக்குபவை என்பது மீனின் நல்லகாலம்.

காவலர் சத்தமிட்டவுடன் நடப்பது என்ன? உயிரணுவுக்குள்ளே ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தட்ட, அது அடுத்ததைத் தட்ட, செய்தி உட்கருவைச் சென்றடைகிறது. அங்கே உறங்கிக்கிடக்கும் சில மரபணுக்கள் விழித்தெழுகின்றன. அவற்றுள் முதன்மையானது இண்டர்ஃபெரான் என்னும் புரதத்துக்குரியது. 1957-ஆம் ஆண்டு லண்டனில் ஐசக்ஸ், லிண்டென்மன் என்னும் இருவர் கோழிக்கரு சவ்வில் இதனைக் கண்டுபிடித்தார்கள். வைரஸ் புகுந்த உயிரணு தான் பிழைக்காவிட்டாலும் பக்கத்து வீடுகளுக்கு எச்சரிக்கை அனுப்புகிறது; அந்த எச்சரிக்கையே இண்டர்ஃபெரான். எச்சரிக்கை பெற்ற உயிரணுக்கள் நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் திறந்து ஆயத்தமாகின்றன. அவற்றுள் ஒன்று எம்.எக்ஸ். எனப்படும். சளிக்காய்ச்சல் வைரஸுக்குச் சாகாத எலி இனம் ஒன்றை 1962-ஆம் ஆண்டில் ஆராய்ந்த அதே லிண்டென்மன் வழியாகவே அதுவும் வெளிச்சத்துக்கு வந்தது. பிற்காலத்தில் களவா மீனை ஆராய்ந்த தைவான் அறிஞர்கள், எம்.எக்ஸ். புரதம் நரம்பழிவு வைரஸின் பெருக்கத்தைத் தடுப்பதைக் காட்டினார்கள்.

இங்கே 'மரபணு திறக்கிறது', 'வெளிப்படுகிறது' என்ற சொற்களைச் சற்று நின்று விளக்க வேண்டும். மீனின் ஒவ்வோர் உயிரணுவிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. செவுளிலும் உண்டு, வாலிலும் உண்டு. இருப்பது வேறு, செயற்படுவது வேறு. பள்ளி அலுவலகத்தில் விதிப்புத்தகம் ஒன்று இருக்கும். தீ விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டுவன அதில் ஒரு பக்கத்தில் எழுதியிருக்கும். ஆண்டு முழுவதும் அந்தப் பக்கத்தை எவரும் புரட்டுவதில்லை. புகை கண்டதும் தலைமையாசிரியர் அப்பக்கத்தைப் பார்த்துச் சுற்றறிக்கை எழுதி, ஏவலாளிடம் கொடுத்து வகுப்பு வகுப்பாக அனுப்புவார். விதிப்புத்தகம் மரபணு, சுற்றறிக்கை தூது ஆர்.என்.ஏ.; வகுப்புகளில் நடக்கும் செயல் புரதம். எத்தனை சுற்றறிக்கைகள் தாழ்வாரத்தில் ஓடுகின்றன என்று எண்ணினால், பள்ளியில் எவ்வளவு பரபரப்பு என்று தெரிந்துவிடும். மரபணு வெளிப்பாட்டை அளப்பது என்பது இதுவே.

சுற்றறிக்கைகளை எண்ணும் வழியும் அழகானது. தூது ஆர்.என்.ஏ. விரைவில் சிதைந்துவிடும், ஆதலால் முதலில் அதனை டி.என்.ஏ. படியாக எழுதிக்கொள்கிறார்கள். பின்னர் அப்படியை இரட்டிக்கச் செய்கிறார்கள். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். முப்பது முறை இரட்டித்தால் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். இம்முறையை 1983-ஆம் ஆண்டில் கண்டவர் காரி முல்லிஸ் என்னும் அமெரிக்கர். 1993-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். இரட்டிப்பு நடக்கும்போதே ஒளிரும் சாயத்தால் அதனைக் கண்காணிப்பது பின்னர் வந்த முன்னேற்றம். தொடக்கத்தில் படிகள் மிகுதியாக இருந்தால் குறைந்த சுற்றிலேயே ஒளி தோன்றும். மூன்று சுற்று முன்னதாகத் தோன்றினால், எட்டு மடங்கு மிகுதி என்று பொருள். வகுப்புக்கு வகுப்பு மாணவர் தொகை மாறுவதுபோல மாதிரிக்கு மாதிரி அளவு மாறுமாதலால், எப்போதும் ஒரே அளவில் இயங்கும் ஒரு மரபணுவை ஒப்புநோக்க வைத்துக்கொள்வார்கள். அந்த ஒப்பீடு பிழையாயின் கணக்கு முழுவதுமே பிழையாகும்.

எந்த உறுப்பில் அளப்பது என்பதும் கவனிக்கத்தக்கது. நமக்கு எலும்பின் மச்சையில் இரத்த அணுக்கள் பிறக்கின்றன. மீனுக்கு அந்த வேலையைச் செய்வது முன்சிறுநீரகம் என்னும் பகுதி. நிணநீர்க் கணுக்களும் மீனுக்கு இல்லை. முன்சிறுநீரகம், மண்ணீரல், தைமஸ் சுரப்பி ஆகியவையே தலைமை நிலையங்கள். செவுள், குடல், தோலின் வழவழப்பு ஆகியவை எல்லைக்காவல். வலையை எடுத்துப் போடும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: மீன்மேல் உள்ள வழவழப்பை அழுக்கென்று எண்ணற்க. அதில் கிருமிகொல்லிப் புரதங்களும் எதிர்ப்புரதங்களும் கலந்திருக்கின்றன. முரட்டுத்தனமாகப் பிடித்து அதனை உரித்துவிட்டால், மதிலை இடித்தவர் ஆகிறோம்.

இப்போது என் மாணவரின் கேள்விக்குத் திரும்பலாம். ஒரே தாயின் குஞ்சுகள் என்றாலும் மரபணுக் கலப்பு குஞ்சுக்குக் குஞ்சு வேறுபடும். ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒரே அச்சாக இருப்பதில்லை. கிருமி நுழைந்த அளவும் நேரமும் வேறுபடும். ஒரு குஞ்சில் எச்சரிக்கை ஒருநாள் முன்னதாக எழுந்தால், வைரஸ் மூளையை அடைவதற்குள் எம்.எக்ஸ். போன்ற காவற்புரதங்கள் ஆயத்தமாகிவிடும். இன்னொன்றில் ஒருநாள் பின்னதாக எழுந்தால் காவல் வலுத்தும் பயனில்லை. ஆகவே ஒரு மரபணு எத்தனை மடங்கு உயர்ந்தது என்பதைப் போலவே எப்போது உயர்ந்தது என்பதும் முக்கியம். இறக்கும் தறுவாயிலுள்ள மீனை அளந்தால் எச்சரிக்கை மரபணுக்கள் உச்சத்தில் இருக்கக் காணலாம். வீடு எரியும்போது கூச்சல் மிகுவது இயல்பே; அதனைக் கொண்டு அவ்வீட்டைப் பாதுகாப்பான வீடு என்று எவரும் சொல்வதில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மீன்களுக்கு எதிர்ப்பாற்றலை ஊட்டும் தீவனச் சரக்குகள் என்று பல பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன. ஈஸ்டின் சுவரிலிருந்து எடுக்கும் பீட்டா குளுக்கான் அவற்றுள் பெயர்பெற்றது. அதனை உண்ட மீனில் இன்னின்ன மரபணுக்கள் இத்தனை மடங்கு உயர்ந்தன என்று விளம்பரத்தில் கண்டால், நேயர்கள் ஒன்றைக் கேட்க வேண்டும்: கிருமியை விட்டுப் பார்த்தபோது எத்தனை மீன் பிழைத்தது? அந்த எண் இல்லாத விளம்பரம், தேர்வு எழுதாத மாணவனின் நன்னடத்தைச் சான்றிதழ் போன்றது. பீட்டா குளுக்கானில் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது வாயிற்காவலரை விழிப்பூட்டுவது மெய்யே. ஆனால் எப்போதும் விழித்திருக்கும் காவலர் சோர்ந்து போவதும் உண்டு. உணவிலிருந்து கிடைக்கும் வலிமையின் ஒரு பகுதி வளர்ச்சிக்குப் போகாமல் காவலுக்குப் போய்விடும்.

அமைதியின்மை காவலைக் கெடுக்கும் என்பதும் அளவையால் நிறுவப்பட்ட உண்மை. நெருக்கடி, பிராணவாயுக் குறைவு, அடிக்கடி வலைவீச்சு, நண்பகல் வெயிலில் வண்டிப் பயணம் ஆகியவற்றால் மீனின் இரத்தத்தில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு ஏறும். அது நீடித்தால் காவல் மரபணுக்கள் பல அடங்கிப்போகும். கொடுவாக் குஞ்சுகளுக்கு இன்னொரு தொல்லை: பெரியது சிறியதை விழுங்கும். ஆதலால் சில நாட்களுக்கு ஒருமுறை அளவு வாரியாகப் பிரித்துவிட வேண்டியிருக்கிறது. பிரிக்காவிட்டால் ஒன்றையொன்று தின்னும், பிரித்தால் அலைக்கழிவு. இரண்டுக்கும் நடுவே கைப்பக்குவத்தோடு செய்பவரே வெற்றி பெறுகிறார். இது நூலைப் படித்து வருவதன்று.

எல்லா மீனும் ஒரே முறையில் தம்மைக் காத்துக்கொள்கின்றன என்றும் எண்ணிவிடலாகாது. 2011-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் காட் மீனின் மரபணுத் தொகுதியை நார்வே அறிஞர்கள் படித்தபோது திடுக்கிட்டார்கள். எதிர்ப்புரதம் உண்டாவதற்கு இன்றியமையாதவை என்று பாடநூல்கள் சொல்லும் சில மரபணுக்களை அது அறவே இழந்திருக்கிறது. இழந்தும் கோடிக்கணக்கில் வாழ்கிறது. கொடுவாயின் மரபணுத் தொகுதியை 2016-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஆய்வகத்தைச் சேர்ந்தோர் பிறருடன் கூடிப் படித்து வெளியிட்டார்கள். இந்தியக் கரையின் கொடுவாயும் ஆஸ்திரேலியக் கரையின் கொடுவாயும் வெவ்வேறு கிளை என்று அதில் தெரியவந்தது. ஆகவே வேற்று நாட்டு முடிவுகளை நம் கழிமுகத்துக்கு அப்படியே பெயர்த்து நடுவது சரியாகாது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயர் ஆய்வு மையம் அமைந்திருப்பது நமக்கு வாய்த்த பேறு. நம் நீரை, நம் மீனை அறிந்தவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக உருவாகி வந்திருக்கிறார்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டையும் சொல்ல விரும்புகிறேன். சால்மன் மீனில் கணையத்தை அழிக்கும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. சில குடும்பங்கள் அதற்கு நன்கு தாங்கின. எதிர்ப்பு மரபணு எது என்று தேடிய அறிஞர்கள், காவற்படையில் யாரோ வல்லவர் இருப்பார் என்றே எதிர்பார்த்திருக்கக் கூடும். 2015-ஆம் ஆண்டில் வெளியான முடிவோ வேறு. உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் சாதாரணப் புரதம் ஒன்றின் மரபணுவே காரணம் என்று அது சொல்லிற்று. வைரஸ் அதனைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது என்று அவர்கள் கருதினார்கள். அம்முடிவின்படி, பிழைத்தவற்றின் சிறப்பு காவலில் இருக்கவில்லை, கதவில் இருந்தது.

தடுப்பு மருந்து இக்காவற்படைக்கு முன்கூட்டியே பயிற்சி கொடுப்பது. நார்வே நாட்டின் வரலாறு இதற்குச் சான்று. 1987-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சால்மன் பண்ணைகளில் ஏறத்தாழ 50 டன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலவாயிற்று. தடுப்பூசிகள் வந்தபின், மீன் விளைச்சல் பன்மடங்கு பெருகி ஆண்டுக்கு 12 இலட்சம் டன்னைத் தாண்டிய நிலையில், மருந்துச் செலவு ஒரு டன்னுக்கும் கீழே இறங்கிற்று. மீன் குளிர்ந்த இரத்தம் உடையதாதலால், ஊசி போட்டபின் எதிர்ப்பு முதிரும் காலத்தை வெறும் நாட்களால் கணக்கிடுவதில்லை. நாட்களை நீரின் வெப்பத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறார்கள். பத்து டிகிரி நீரில் ஐம்பது நாள் ஆவது, இருபது டிகிரியில் இருபத்தைந்து நாளில் ஆகும். நம் கடலின் வெப்பம் இவ்வகையில் நமக்கு நன்மை. அதே வெப்பம் நரம்பழிவு வைரஸுக்கும் உகந்தது என்பது கெடுபேறு.

இறாலுக்கு இந்த வாய்ப்பில்லை. அதற்கு வாயிற்காவலர் உண்டே தவிர, எதிர்ப்புரதம் இல்லை. மீனைப்போல ஒருமுறை கண்ட கிருமியை நினைவில் வைத்துக்கொள்ளும் படை இல்லை. 1994-ஆம் ஆண்டு முதல் வெண்புள்ளி நோய் இந்தியக் கடற்கரையின் இறால் குட்டைகளைத் தாக்கியபோது, எத்தனை குடும்பங்கள் கடனில் விழுந்தன என்பது கடலூர், நாகை மாவட்டத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. மீனுக்கு அந்த நினைவுப்படை இருக்கிறது என்பதே கொடுவா வளர்ப்போருக்கு உள்ள ஆறுதல். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் நரம்பழிவு நோய்க்கு 'நோடாவாக்-ஆர்' என்னும் ஊசித் தடுப்பு மருந்தை நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறார்கள்.

என் மாணவர் பிழைத்த குஞ்சுகளை வைரம் பாய்ந்தவை என்று கருதி, அடுத்து வாங்கும் குஞ்சுகளோடு சேர்த்து வளர்க்க எண்ணியிருந்தார். அவ்வாறு செய்யவேண்டாம் என்று தடுத்தேன். இந்நோயில் பிழைத்த மீன், தான் நலமாக இருந்துகொண்டே வைரஸை உடலில் சுமந்து திரியக்கூடும். தாய்மீனாக வளர்ந்தால் முட்டை வழியாகவும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கக்கூடும். முன்னே நான் சொன்ன இரட்டிப்புச் சோதனையே வைரஸைக் கண்டுபிடிக்கவும் பயன்படுகிறது. அதனைச் செய்து பார்த்தபின்பே அவற்றின் கதியை முடிவு செய்ய வேண்டும் என்றேன். "பிழைத்ததே பகையாகுமா, ஐயா?" என்று வருந்தினார். வருந்தத்தக்கதுதான். ஆயினும் குளத்தை வெயிலில் காயவிட்டு, வலைகளையும் தொட்டிகளையும் கிருமி நீக்கம் செய்து, புதிதாகத் தொடங்குவதே முறை. இவ்வைரஸ் நீரில் நெடுநாள் உயிர்ப்போடு கிடக்கக்கூடிய அழுத்தக்காரன்.

குஞ்சு வாங்கச் செல்லும் அன்பர்கள், விலையைக் கேட்பதற்கு முன் தாய்மீன்களுக்கு இச்சோதனை நடந்ததா, குஞ்சுத் தொகுதிக்கு நடந்ததா, எந்த நாளில், எந்த ஆய்வகத்தில் என்று கேளுங்கள். தாளில் எழுதி வாங்குங்கள். இளங்காலையிலோ மாலையிலோ ஏற்றிச் செல்லுங்கள். புதிய குஞ்சுகளைச் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

தீராத சிக்கல் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஊசி போடுவதற்குக் குஞ்சு விரல் நீளமாவது வளர்ந்திருக்க வேண்டும். இந்நோயோ, அரிசிமணி அளவுள்ள குஞ்சைத்தான் முதலில் பறித்துச் செல்கிறது. அந்த வயதில் குஞ்சின் நினைவுப்படை இன்னும் உருவாகவே இல்லை. வாயிற்காவலரும் எச்சரிக்கை மரபணுக்களும் மட்டுமே உண்டு. தாய்மீனுக்கு ஊசி போட்டால் அதன் எதிர்ப்புரதம் முட்டைக்கு ஓரளவு சென்று குஞ்சை முதல் நாட்களில் காக்கிறது. அது கரைந்துபோகும் நாளுக்கும் குஞ்சு தன் படையைத் திரட்டிக்கொள்ளும் நாளுக்கும் இடையே ஒரு வெற்றுக்காலம் விழுகிறது. அந்த இடைவெளியில் எந்த மரபணு எந்த நாளில் விழிக்கிறது என்று குஞ்சுகளை நாள்தோறும் எடுத்து அளந்து வருகிறார்கள். இரையாகக் கொடுக்கும் நுண்ணுயிர்களுக்குள் தடுப்பு மருந்தை வைத்து ஊட்டவும், மருந்து கலந்த நீரில் முக்கியெடுக்கவும் முயற்சிகள் நடைபெறுகின்றன.